செய்யலாமா, கூடாதா? வடசென்னைக் கத்தோலிக்க வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராயபுரம் பக்கத்துப் பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், அம்மாக்கள் நிற்பார்கள். "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று தொடங்கும் பேச்சு கோவில் வாசலில் இருந்து தெருமுனை வரை நீளும். கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இதைச் செய்யலாமா, கூடாதா? திருச்சபைச் சட்டம், ஊர் வழக்கம், மாமியார் சொன்னது என்று மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறோம். அந்த முடிச்சை அவிழ்க்க என்னால் ஆனதை இங்கே எழுதுகிறேன். "சட்டம்" என்று நான் சொல்லும் இடத்தில் 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சிக்கலுக்கென்று தனியாகப் பதில் வேண்டுமானால் பங்குத்தந்தையைத்தான் பார்க்க வேண்டும்.

தபசு காலத்து வெள்ளிக்கிழமை கறி கூடாது, மீன் சாப்பிடலாம். காசிமேட்டுக்காரங்களுக்கு அது எப்படித் தபசு ஆகும்?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் காசிமேட்டு மீன் துறைமுகத்தில் மீன் விற்கிற அம்மா. தபசு காலம் என்பது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள். சட்டம் தடுப்பது இறைச்சியை மட்டும். மீன், முட்டை, பால் இவற்றுக்குத் தடை இல்லை. நம் பாட்டிமார் இதைச் சுத்தபோசனம் என்பார்கள். 14 வயது முடிந்த எல்லோருக்கும் இது உண்டு. தபசு தொடங்கும் திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் சுத்தபோசனத்தோடு ஒருசந்தி என்ற உபவாசமும் சேரும்.

இந்தச் சட்டம் பிறந்த நாடுகளில் இறைச்சி விருந்துச் சாப்பாடு, மீன் ஏழைச் சாப்பாடு. நம்மூரில் வஞ்சிரம் விற்கிற விலைக்கு இரண்டு கிலோ கோழி வாங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை வஞ்சிர வறுவலோடு சாப்பிட்டவர் சட்டத்தை மீறவில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. சுத்தபோசனத்துக்குப் பதிலாக வேறொரு தவமுயற்சியோ தருமமோ இரக்கச் செயலோ செய்யலாம் என்று வகுக்க ஆயர் (பிஷப்) பேரவைகளுக்கு அதே சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அம்மா தன் வழியைத் தானே கண்டுபிடித்திருந்தார். தபசு வெள்ளிகளில் வீட்டில் மீனும் கிடையாது, ரசமும் அப்பளமும்தான். மிச்சமாகும் காசு ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபை உண்டியலுக்குப் போகும்.

பெருவிழா வெள்ளிக்கிழமையில் வந்தால் சுத்தபோசனம் கிடையாது. 2026 கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமைதான். பிரியாணிக்குத் தயங்க வேண்டாம்.

ஒருசந்தி யார் யார் இருக்கணும்? எனக்குச் சர்க்கரை இருக்கு.

18 வயது முடிந்ததிலிருந்து 59 வயது முடிகிற வரை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை கொஞ்சமாக. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் இருக்க வேண்டியதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பெரிய வெள்ளி சிலுவைப் பாதையில் நின்று மயங்கி விழுந்தவர்களை நானே தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறேன். அதைத் திருச்சபை கேட்கவில்லை.

நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை அப்பம், வாங்கும் முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது வேறு விதி. தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. முதியவர்கள், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு மணி நேரமும் கிடையாது.

மாதவிலக்கு நாளில் கோவிலுக்கு வரலாமா? நன்மை வாங்கலாமா?

வரலாம். வாங்கலாம். பீடத்தில் ஏறி வாசகம் வாசிக்கலாம். தீட்டு என்ற பேச்சே நம்மிடம் கிடையாது. இரத்தப்போக்கோடு பன்னிரண்டு ஆண்டு அல்லாடிய பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் உடையைத் தொட்டாள். அவர் அவளை "மகளே" என்று அழைத்தார், விரட்டவில்லை. இதே கேள்வி இங்கிலாந்திலிருந்து உரோமைக்குப் போனபோது, பெரிய கிரகோரியார் என்ற பாப்பரசர், மாதவிலக்கான பெண்ணைத் தடுக்கக் கூடாது என்று பதில் எழுதினார். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்த விவகாரம் இது. நம் தெருவில் இன்னும் முடியவில்லை. முதன்முறை நன்மை வாங்கும் புதுநன்மை அன்று இந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையைப் பின்வரிசையில் உட்கார வைத்ததைப் பார்த்துக் கொதித்துப்போய்விட்டேன். முக்காடும் அப்படித்தான். போட்டுக்கொண்டால் அழகு. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது கடமையாக இருந்தது, 1983இல் எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் காசிமேட்டுல வியாபாரம். வீட்டுக்காரருக்கு மணலியில ஷிப்ட். பூசை தவறினா பாவமா?

ஞாயிறு பூசை கடமை. காரணம் இல்லாமல் வேண்டுமென்றே விடுவது கனமான காரியம். ஆனால் சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடமையை நிறைவேற்றும். இதைச் சொன்னாலே பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிடும். ஞாயிறு மாலைப் பூசையும் பல கோவில்களில் உண்டு. நீங்கள் இருக்கும் பங்கிலேயே பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இரண்டுக்கும் வழியில்லாதபடி ஷிப்ட் மாட்டினால், அல்லது கடலில் இருந்தால், அது பாவமாகாது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர், கைக்குழந்தைக்காரி, மருத்துவமனைச் செவிலியர் எல்லோருக்கும் இதேதான். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். விலக்குக் கொடுக்கவும் வேறொரு பக்தி முயற்சியாக மாற்றிக் கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. வேலை இருந்தது என்று ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், குருவிடம் பாவங்களைச் சொல்லும் இடத்தில், வந்து அழ வேண்டாம். வேலை இல்லாத ஞாயிறு என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

டிவியில பூசை பார்த்தா கணக்கில் வருமா?

வர முடியாதவருக்கு ஆறுதல். வர முடிந்தவருக்குக் கணக்கில் வராது.

பக்கத்து வீட்டுல பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை தர்றாங்க. வாங்கிக்கலாமா?

வருடாவருடம் வரும் கேள்வி. சந்தும் பொந்துமான வரிசை வீட்டில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் நாம். கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

புனித பவுலிடம் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். சிலைக்குப் படைத்த இறைச்சி அங்கே கடைத்தெருவில் விற்பனைக்கு வரும். விருந்துக்குப் போன வீட்டிலும் பரிமாறுவார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் அவர் பதில் சொல்கிறார். சிலை என்பது ஒன்றுமில்லை, ஆகவே உணவு உணவுதான், கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடுங்கள். ஆனால் "இது படைத்தது" என்று ஒருவர் எடுத்துச் சொல்லி, நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்து அவருடைய மனச்சாட்சி தடுமாறுமானால், அவருக்காக விட்டுவிடுங்கள். இன்னொரு தெய்வத்துக்கான வழிபாட்டிலேயே பங்கெடுப்பதோ முற்றிலும் வேறு, அது கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருக்கிறார்.

அதை நம் தெருவுக்குக் கொண்டுவந்தால் எனக்குப் படுவது இது. பக்கத்து வீட்டு அக்கா அன்போடு நீட்டும் தட்டை வாங்கிக்கொள்வது அவரை மதிப்பது. அதைப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொள்வது வழிபாட்டில் சேர்வது. கொழுக்கட்டையைக் கையில் வாங்கி, அவர் போனதும் குப்பையில் போடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அது பக்தி என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. மனசு ஒப்பவில்லை என்றால் "எங்க வீட்டுல படைச்சது சாப்பிடறதில்ல அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று நேராகச் சொல்லிவிடலாம்.

பொங்கலுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள் என்று பல பங்குகளில் கோவில் முற்றத்திலேயே பானை வைத்து, மந்திரித்து (குரு செபித்து ஆசீர்வதிப்பதை அப்படிச் சொல்வோம்), எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்.

பொட்டு, பூ, தாலி எல்லாம் இந்து வழக்கம்தானே? பெந்தெகொஸ்தே சபைக்குப் போற தங்கச்சி எல்லாத்தையும் கழட்டிட்டா.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் நானூறு வருடமாகப் பேசிவரும் விஷயம் இது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, நம் நாட்டு உடையும் சந்தனமும் குடுமியும் சமூக வழக்கங்கள், அவற்றை விட்டால்தான் கிறிஸ்தவன் ஆகலாம் என்று சொல்லத் தேவையில்லை என்று வாதாடினார். உரோமையில் வழக்குப் போலவே நடந்தது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் கடுமையான தடை ஆணை ஒன்றை வெளியிட்டார். அவரும் தாலியையே ஒழிக்கச் சொல்லவில்லை. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி வேண்டாம், சிலுவையோ மாதா உருவமோ இருக்கட்டும் என்றார். அந்தத் தடைகளைக் காப்பதாக மறைப்பணியாளர்கள் எடுத்துவந்த உறுதிமொழியை உரோமை 1940இல்தான் கைவிட்டது.

இன்றைக்கு நம் கோவில்களில் குருவானவர் தாலியை மந்திரித்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டுகிறார். பூ வைக்கலாம், பொட்டு வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். தங்கச்சி கழற்றியது அவள் சபையின் ஒழுங்கு. அதற்காகச் சண்டை வேண்டாம். புருஷன் செத்ததும் ஊர்கூடிப் பூவையும் பொட்டையும் பறிக்கிற சடங்கைத்தான் நாம் இன்னும் விடவில்லை. அதைச் செய்யச் சொல்லி எந்தத் திருச்சபைச் சட்டமும் இல்லை.

அதே தங்கச்சி, "நீங்க சிலையைக் கும்பிடறீங்க" ன்னு சொல்றா. என்ன பதில் சொல்றது?

தமிழில் இதற்கு வசதியாக இரண்டு சொல் உண்டு: ஆராதனை, வணக்கம். ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம், மாதாவுக்கு அதைவிட உயர்ந்த வணக்கம். சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, செய்யும் மரியாதை அதில் காட்டப்படுகிறவருக்குப் போகிறது என்று 787ஆம் ஆண்டு இரண்டாம் நீசேயா சங்கம் வரையறுத்தது. செத்துப்போன அப்பாவின் படத்துக்கு மாலை போடுகிறோம், மரச்சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் போடவில்லை.

விவிலியத்தில் உருவம் செய்யாதே என்ற கட்டளையைக் கொடுத்த கடவுளே, உடன்படிக்கைப் பேழைமேல் கெருபுகள் என்ற வானதூதர் உருவங்களைப் பொன்னால் செய்யச் சொன்னார், பாலைநிலத்தில் வெண்கலப் பாம்பையும் செய்யச் சொன்னார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் மக்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா அரசன் அதை உடைத்துப் போட்டான். ஆக, தங்கச்சி எழுப்பும் சந்தேகத்தை முழுசாகத் தள்ளிவிட முடியாது. "அந்தக் கோவில் மாதாதான் கேட்டதைத் தருவாங்க, இந்த மாதா தரமாட்டாங்க" என்று பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெரம்பூர் லூர்து அன்னையும் பெசன்ட் நகர் ஆரோக்கிய அன்னையும் ஒரே மரியாள்தான். ஆகஸ்ட் 29 பெசன்ட் நகர் கொடியேற்றத்துக்குக் காவி உடையில் இராயபுரத்திலிருந்து நடந்தே போகும் நம் பிள்ளைகளுக்கு இதை ஒரு தடவை சொல்லி அனுப்பினால் நல்லது.

தங்கச்சி உங்களை மறுபடி ஞானஸ்நானம் வாங்கச் சொன்னால் வேண்டாம். தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவி பெயராலும் ஒரு முறை வாங்கியது ஆயுளுக்கும் போதும். சி.எஸ்.ஐ. சபையில் முறையாக வாங்கியிருந்து கத்தோலிக்கராகச் சேர்கிறவருக்கும் நாம் மறுபடி கொடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலுக்கு என் இந்துத் தோழியும் வர்றா. அவ நன்மை வாங்கலாமா?

ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், யார் எந்த மதம் என்று சொல்ல முடியாது. மெழுகுத்திரி ஏற்றலாம், நவநாள் செபம் சொல்லலாம், தீர்த்தம் எடுக்கலாம், திருநீற்றுப் புதனன்று சாம்பலும் பூசிக்கொள்ளலாம். நன்மை மட்டும் கூடாது. அது பிரசாதம் மாதிரி வந்தவர்க்கெல்லாம் பகிர்வது என்று அவர்கள் நினைத்து வரிசையில் நிற்பதும், குருவானவர் தயங்குவதும், அவர்கள் கூசிப்போவதும் நடக்கிறது. கூட்டிவந்தவர் முன்பே சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் வராது.

ஏன் செவ்வாய்? அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. பதுவை நகரில் அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய். அதனால் செவ்வாய் அவர் நாளாயிற்று. அவர் திருநாளான ஜூன் 13க்கு மறுநாளோடு நம் கடலோரத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் முடிகிறது. நம் மீனவர்கள் இதைத் தற்செயல் என்று நம்புவதில்லை.

பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பத்து வருஷம் ஆச்சு. பயமா இருக்கு. ஃபாதர் வெளியில சொல்லிட்டா?

சொல்ல முடியாது. சொன்னால் அந்த நொடியே அவர் திருச்சபைக்கு வெளியே. கோர்ட்டு கேட்டாலும், போலீஸ் கேட்டாலும், நீங்கள் செத்த பிறகும் சொல்லக் கூடாது. உங்கள் பங்குச் சாமியாருக்கு உங்கள் குரல் தெரியும் என்று கூச்சமாக இருந்தால் வேறு கோவிலுக்குப் போங்கள், எந்தக் குருவிடமும் செய்யலாம். பெரிய திருத்தலங்களில் வெளியூர்க்காரர் கூட்டத்தில் கலந்துவிடலாம்.

கனமான பாவம் இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பது சட்டம். செபம் மறந்துபோனால் அதைச் சொல்லியே தொடங்குங்கள்: "சாமி, பத்து வருஷம் ஆச்சு, முறை மறந்துபோச்சு." கருக்கலைப்பைச் சொல்ல ஆயரிடம்தான் போக வேண்டும் என்று இன்னும் சிலர் நினைத்து உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 2016 முதல் பாவசங்கீர்த்தனம் கேட்கிற எந்தக் குருவும் அதை மன்னிக்கலாம்.

ரெண்டாவது பிள்ளையோட ஆபரேஷன் பண்ணிட்டேன். இனி நன்மை வாங்கக் கூடாதா?

தலையைக் குனிந்துகொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி. திருச்சபையின் போதனை மாறவில்லை. 1968இல் பாப்பரசர் ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடல், செயற்கைக் கருத்தடையும் கருத்தடை அறுவையும் தகாது, இயற்கை முறையில் இடைவெளி விடலாம் என்றது. நோய்க்காகக் கர்ப்பப்பையை எடுப்பது இதில் சேராது. தெரிந்து செய்தது என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்று நன்மை வாங்கலாம். ஆபரேஷனைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பாவம் கனமாவதற்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். பிரசவ வலியில், மாமியாரும் நர்சும் இரு பக்கம் நிற்க, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்ட பெண்ணின் சம்மதம் எவ்வளவு முழுமையானது என்று கடவுளுக்குத் தெரியும். இயற்கை முறை என்று ஒன்று இருப்பதே திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டதோடு சரி. அதன் பிறகு எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. இந்தப் பாரத்தைப் பெண் தலையில் மட்டும் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

ராகு காலத்துல பால் காய்ச்சலாமா? புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாமா?

ராகு காலமே நமக்கு இல்லை என்னும்போது அதில் பால் காய்ச்சலாமா என்ற கேள்வி எங்கே வந்தது? செவ்வாய் மாலை 3 முதல் 4.30 வரை ராகு காலம் என்று காத்திருந்து அந்தோணியார் கோவிலுக்குக் கிளம்புகிற கத்தோலிக்கர்களை எனக்குத் தெரியும். ஜாதகம், கைரேகை எல்லாம் வேண்டாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு சொல்கிறது, திருஷ்டிப் பூசணியும் அதே வகைதான். வீட்டையும் வண்டியையும் குருவானவரைக் கூப்பிட்டு மந்திரியுங்கள். ஹெல்மெட்டையும் போடுங்கள்.

செபமாலையையும் கழுத்தில் போடும் உத்தரியத்தையும் தாயத்து மாதிரி கட்டிக்கொள்வதும் இதே வகைதான். செபம் சொல்லாத செபமாலையை வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டால் விபத்து நடக்காது என்பது மூடநம்பிக்கை. பெயர் மட்டும் கிறிஸ்தவப் பெயர்.

பொண்ணு இந்துப் பையனைக் கட்டிக்கணும்னு சொல்றா. கோவில்ல நடக்குமா? பையன் மதம் மாறணுமா?

நடக்கும். மாற வேண்டியதில்லை. தாலிக்காக மட்டும் வாங்கும் ஞானஸ்நானத்தை நல்ல குருக்கள் யாரும் ஊக்குவிப்பதில்லை.

ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விலக்கு வேண்டும். பங்குத்தந்தை விண்ணப்பம் எழுதி அனுப்புவார். மூன்று மாதமாவது முன்பே போங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துப் பத்திரிகையும் அடித்துவிட்டு வந்து "ஃபாதர் இழுத்தடிக்கிறார்" என்றால் என்ன செய்வது? வாக்குறுதி கொடுக்க வேண்டியது உங்கள் பெண் மட்டும்: தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று. பையனிடம் அந்த வாக்குறுதியைத் தெரிவிப்பார்கள், அவரிடம் கேட்டு வாங்கமாட்டார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ சம்பந்தி வீடுகளில் பெரிய சண்டை நடந்திருக்கிறது.

காலையில் கோவிலில், மதியம் அவர்கள் முறைப்படி இன்னொரு தாலி என்று இரண்டு தடவை சம்மதம் கொடுக்கும் சடங்கு கூடாது. வரவேற்பு எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இரு வீட்டாருக்கும் வலிக்கும் இடம் இதுதான். தாயாருக்கு மகனின் முகூர்த்தம் என்பது சின்ன விஷயமில்லை. அதனால் இதைக் கடைசி வாரத்தில் சொல்லாதீர்கள்.

ஏற்கனவே ரிஜிஸ்டர் ஆபீசில் மட்டும் முடித்துவிட்டவர்கள் "இனிமே கோவில் பக்கம் போக முடியாது" என்று ஒதுங்க வேண்டாம். அரசுச் சட்டப்படி அது திருமணம், ஆனால் கத்தோலிக்கருக்குத் திருச்சபை முறைப்படி அது முழுமையாகவில்லை. பங்குத்தந்தையிடம் பேசினால் நாலு பேர் முன்னிலையில் எளிமையாக முறைப்படுத்திக்கொள்ளலாம். கோவிலில் நடந்த திருமணத்தையும் தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

ஆடியில் வைக்கலாமா? தாராளமாக. மண்டபமும் சுலபமாகக் கிடைக்கும்.

புருஷன் குடிச்சு அடிச்சதால கோர்ட்டுல விவாகரத்து வாங்கிட்டேன். நன்மை வாங்கலாமா?

வாங்கலாம். விவாகரத்து வாங்கியது மட்டும் உங்களை நன்மையிலிருந்து விலக்காது. தனியாக வாழ்கிற எத்தனையோ பெண்கள் யாரோ சொன்னதைக் கேட்டுப் பத்து வருடம் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு இல்லாமல் இன்னொரு திருமணம் செய்துகொண்டால்தான் சிக்கல். அந்தத் தீர்ப்பை மறைமாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். இரண்டாவது நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும் என்ற விதியைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் நீக்கினார், முடிந்தவரை இலவசமாகச் செய்யவும் சொன்னார். அடிக்கிறவனோடு சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆபத்து என்றால் பிரிந்து வாழ உரிமை உண்டு.

குழந்தை இன்குபேட்டர்ல இருக்கு. ஃபாதர் வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா?

உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் கொடுக்கலாம். அப்பா, பாட்டி, நர்ஸ், அந்த நர்ஸ் இந்துவாக இருந்தாலும் சரி. தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொன்னால் போதும். இன்குபேட்டரில் ஈரத் துளி நெற்றியில் ஓடினாலும் போதும். பிழைத்துவிட்டால் பங்கில் வந்து பதிவுசெய்யுங்கள், மறுபடி கொடுக்கமாட்டார்கள்.

அதற்குள் போய்விட்டால்? அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாத சிசுவைக் கல்லறையின் ஒரு மூலையில் சத்தமில்லாமல் புதைத்தார்கள். என் அம்மாவின் முதல் பிள்ளை அப்படித்தான் போயிற்று, எந்த இடம் என்று கடைசி வரை அவருக்குக் காட்டவில்லை. இன்று பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயர் அனுமதியோடு முறையான அடக்கப் பூசை வைக்கலாம். அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்றே திருச்சபை கற்பிக்கிறது.

ஞானப்பெற்றோர் ஒருவர் இருந்தாலும் போதும். 16 வயது முடிந்து, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். வசதியான மாமாவா என்று சட்டம் கேட்பதில்லை.

ஞானஸ்நானம் வாங்கினா எஸ்.சி. சான்றிதழ் போயிடுமா?

போய்விடும். பட்டியல் சாதி யார் என்று வகுத்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் சேரவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டது என்று அரசாங்கம் நம்புகிறது. சில கல்லறைகளையும் சில சம்பந்தப் பேச்சுகளையும் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பூசைக்குப் பணம் கொடுக்கணுமா? இல்லாதவங்க என்ன பண்றது?

அது விலை இல்லை, காணிக்கை. வியாபாரம் என்ற சாயல்கூட இருக்கக் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. காணிக்கை இல்லாவிட்டாலும் ஏழைகளின் கருத்துக்காகப் பூசை வைக்கும்படி குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. பத்துப் பேர் பெயரை ஒரே பூசையில் வாசிப்பதாக இருந்தால், கொடுத்தவர்களுக்கு அது தெரிந்து, அவர்கள் சம்மதித்திருக்க வேண்டும். இந்து அப்பாவுக்காகப் பூசை வைக்கலாமா என்று ஒரு மருமகள் கேட்டார். வைக்கலாம், உயிரோடு இருப்பவரோ இறந்தவரோ யாருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம்.

தூக்கு மாட்டிக்கிட்டவங்களைக் கோவிலுக்குக் கொண்டு வரலாமா?

வரலாம். 1917ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. மனநோயும் தாங்க முடியாத பயமும் துன்பமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று மறைக்கல்வி ஏடு சொல்கிறது, அவர்களுக்காக செபிக்கவும் சொல்கிறது. கடன்காரன் வாசலில் நின்று கத்திய மறுநாள் போன ஒருவரின் மனைவியிடம் "உன் புருஷன் நரகத்துக்குத்தான்" என்று சொன்ன சொந்தக்காரரை எனக்குத் தெரியும். இன்னார் நரகத்துக்குப் போனார் என்று சொல்லும் அதிகாரம் பாப்பரசருக்கே கிடையாது.

காசிமேட்டுக் கல்லறையில இடமில்லைங்கிறாங்க. எரிக்கலாமா? சாம்பலைக் கடல்ல கரைக்கலாமா?

எரிக்கலாம். 1963 முதல் அனுமதி உண்டு. உயிர்ப்பை மறுப்பதற்காக எரிக்கக் கூடாது, அவ்வளவுதான். இருந்தாலும் அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது. குடும்பக் கல்லறையைத் திறந்து அடுத்தவரை வைப்பது நம் பக்கத்தில் வழக்கம்தான்.

கடலில் கரைக்கக் கூடாது. 2016இல் உரோமையிலிருந்து வந்த அறிவுறுத்தல், சாம்பலைத் தூவவோ கரைக்கவோ வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளவோ கூடாது, கல்லறையிலோ கோவிலிலோ ஒரு புனித இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. 2023இல் வந்த விளக்கக் குறிப்பு, தகுந்த காரணம் இருந்தால் சிறு பகுதியை மட்டும் இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள இடத்தில் வைக்க அனுமதிக்கலாம் என்றது.

நாற்பது வருடம் கடலுக்குப் போய்வந்த மனிதரின் மகன் இதைக் கேட்டான். "அப்பா அங்கதான் டீச்சர் நிம்மதியா இருந்தாரு" என்றான். சட்டத்தைச் சொன்னேன், எனக்கே தொண்டை அடைத்தது. பெயர் பொறித்த ஒரு கல் இருந்தால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு உன் பேரப்பிள்ளைகளும் ஒரு மெழுகுத்திரியோடு வந்து நிற்பார்கள், கடலில் எந்த அலையைப் பார்த்து நிற்பார்கள் என்று கேட்டேன். அவன் ஒத்துக்கொண்டானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சிறு பெட்டியில் வைத்து அம்மா கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

உடைஞ்ச சுரூபம், அறுந்த செபமாலை, போன வருஷத்துக் குருத்தோலை இதையெல்லாம் என்ன செய்யறது?

கோவில் மரத்தடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடாதீர்கள். மறுநாள் அள்ளுகிறது கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில் பிள்ளைதான். மந்திரித்த பொருளை எரிக்கலாம் அல்லது மண்ணில் புதைக்கலாம். சுரூபத்தைத் துண்டாக்கி, தொட்டிச் செடி மண்ணுக்கடியில் புதைத்தாலும் சரி. குருத்தோலையைத் திருநீற்றுப் புதனுக்கு முன் கோவிலில் கொடுங்கள். அதை எரித்துத்தான் உங்கள் நெற்றிக்குச் சாம்பல் எடுக்கிறார்கள்.